இருபத்துநான்கு டிகிரி

நடுப்பகல் பன்னிரண்டு மணி. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை. இரண்டு பக்கமும் உப்பளம்... பேருக்கு ஒரு மரம் கிடையாது. சிரிக்காதே சுஷ்மிதா. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று எந்த மடையன் உனக்குச் சொன்னான்?

இது நம் ஜோஷ்வாவின் மாமா தேவசகாயத்துக்கு நடந்தது. இரண்டாயிரத்து ஆறு. அந்தச் சாலைக்குத் தார் போடும் வேலையில் அவர் சூப்பர்வைசர். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர். தொடவே வேண்டாம், விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும் இடத்தின் சூடு திரையில் வந்துவிடும். லாரியில் வரும் தார்க்கலவை ஆறிப்போயிருந்தால் திருப்பி அனுப்புவார்.

அன்று, ஏற்கெனவே போட்டு முடித்த சாலையில் சும்மா அடித்துப் பார்த்தார். அறுபது... அறுபத்தொன்று... அறுபது... இருபத்துநான்கு.

கொஞ்சம் நகர்த்தினார். மறுபடி அறுபது. புள்ளியைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தார். தலை, தோள், அகட்டிய கால்... ஓர் ஆள் படுத்துக் கிடக்கும் அளவுக்கு அந்த இடம் மட்டும் குளிர்ந்திருந்தது. தார் வாடையோடு ஈரத்துணி வாடை.

ரோலர் ஓட்டும் சதாசிவத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மிஷினு பேஜாரு பண்ணுது அண்ணாத்த. கடாசிட்டு வந்து துன்னு."

மறுநாள் பார்த்தால் அந்தக் குளிர்ந்த இடம் நகர்ந்திருந்தது. ரோலரைப் பார்த்து.

அந்தப் பொட்டலில் நிழல் என்றால் ரோலருக்கு அடியில்தான். சாப்பிட்டதும் சதாசிவம் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேதான் தூங்குவான். அவனைக் காப்பாற்றியாக வேண்டும் என்று மாமாவுக்குத் தவிப்பு. கெஞ்சினார்.

"அடியில படுக்காதப்பா."

"அப்பறம் உன் தலமேலயா படுக்கறது?"

அடுத்த நாள் அது ரோலரின் உருளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாமா ஓடினார். அடியில் ஆள், முகத்தில் துண்டு. ஆத்திரத்தில் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

"செத்துத் தொலையப் போறியா? எய்ந்திரிடா!"

அவன் எழுந்தான். முகத்தை மூடிய துண்டை எடுக்கவில்லை. ரோலரில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மாமா சாலையில் அடித்துப் பார்த்தார். எங்கும் அறுபது. குளிர்ந்த இடத்தையே காணோம். உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு.

அப்புறம்தான் கவனித்தார். அந்த வெயிலில் அவன் முதுகில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. தெர்மாமீட்டரைத் தூக்கி அந்த முதுகில் அடித்தார்.

இருபத்துநான்கு.

கோவளம் பக்கமிருந்து ஒரு குரல்.

"அண்ணாத்த! டீ வாங்கினு வந்துகீறேன்!"

தூக்குவாளியோடு சதாசிவம்... தூரத்தில் நடந்து வந்துகொண்டிருந்தான்.

டக்... டக்... டக்... டக்... ரோலர் உறுமிக்கொண்டு மாமா பக்கம் திரும்பியது.

மாமாவுக்கு இன்றைக்கு வலது கால் கிடையாது. அவர் போட்ட அலறலில் சதாசிவம் வாளியை வீசிவிட்டு ஓடி வந்தான். ரோலரில் யாரும் இல்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தாவி ஏறி, நிறுத்தக் கையை நீட்டினான்... சாவி போடும் துளை காலியாக இருந்தது.

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.