அறுபத்தோராவது பெட்டி

ஸ்டேஷன் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

என் வேலையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். ஆஸ்பத்திரிக் கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரி வைஃபை பெட்டிகள் இருக்கும். மொத்தம் அறுபத்தொன்று. நோயாளிகளின் இதயத்துடிப்பை நர்ஸ் மேஜையிலுள்ள திரைக்குக் கொண்டுபோவது அவைதான். அவற்றைக் கட்டி மேய்க்கிற கன்ட்ரோலர் கீழே என் அறையில் இருக்கிறது. அது படுத்துவிட்டால் பக்கத்திலுள்ள இரண்டாவது கன்ட்ரோலர் எல்லாப் பெட்டிகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அதில் அறுபதுக்குத்தான் இடம். வெளியே நிற்கப்போவது எது என்று வரிசை போட்டுவைப்பது என் பொறுப்பு.

இடம் போதாது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நேரில் போய்க் கேட்டதற்கு நிர்வாகி சிரித்தார்.

"ஓடற வண்டிய எதுக்குய்யா நிறுத்திப் பாக்கணும்? வந்தா பாத்துக்கலாம்."

வந்தால் யார் பார்ப்பது? இரண்டு வாரம் கழித்து என் மனைவிக்கு அங்கேதான் இதய ஆபரேஷன். அவளுக்கு என்னை விட்டால் வேறு நாதியில்லை. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டால்தான் இவர்களுக்குப் புத்தி வரும் என்று தோன்றியது. முதல் கன்ட்ரோலரைப் பத்தே நிமிடம் நிறுத்திக் காட்டினால், புதிது வாங்கிவிடுவார்கள்.

வெளியே நிற்பது எந்த அறை என்பதை நான் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை. ஒரு வாரம் ஏணியோடு வார்டு வார்டாக அலைந்தேன். எக்ஸ்ரே அறையை ஒட்டிய மூலை அறையில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். அந்தச் சுவரில் ஈயத்தகடு இருப்பதால் பக்கத்துப் பெட்டியின் சிக்னல் உள்ளே எட்டாது; அறைப் பெட்டி நின்றால் குறை பளிச்சென்று தெரியும். "கூரைல என்ன மாப்ளே தேடறே, தேன்கூடா?" என்று தினமும் கேலி செய்வார். நானும் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். ஒருநாள் என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரைப் பார்க்க யாராவது வருகிறார்களா என்று நர்ஸிடம் விசாரித்தேன். ஈ காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை என்றாள். அவர் அறைப் பெட்டியை வரிசையில் கடைசியாக, அறுபத்தோராவதாகப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒயரைப் பிடுங்கினேன். அறுபது பெட்டிகளும் ஒழுங்காக இடம் மாறின. நாலாவது நிமிடம், மேலே மூலை அறையில் மானிட்டர் அலறுவது ஏசி குழாய் வழியாக எனக்குக் கேட்டது. திரைக்குச் செய்தி போகாது, மூடிய கதவைத் தாண்டி நர்ஸுக்கும் கேட்காது என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு படிகள், ஏறியிருக்கலாம். ஆனால் நடுவில் விட்டால் சோதனை அரைகுறையாகிவிடும், நிர்வாகி மதிக்க மாட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடமும் நின்றேன். ஏழாவது நிமிடத்திலேயே அந்தச் சத்தம் விட்டுவிட்டு ஒலிப்பதை நிறுத்திக்கொண்டு ஒரே இழுப்பாக நீண்டது.

மத்தியானம் ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். தகவல் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் டிரைவர் என் நம்பரைக் கொடுத்திருந்தாராம்.

"மருமகன்னு எழுதியிருக்காரு. நீங்கதானே?"

ஆமாம் என்றேன். போய் உடலை வாங்கிக்கொள்ளக் கையெழுத்தும் போட்டேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். புதுக் கன்ட்ரோலர் மூன்றே நாளில் வந்துவிட்டது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இன்று காலை அவளை வார்டுக்கு மாற்றியிருப்பார்கள். பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு, ஐயா. அப்போது என்னை ஒரு தடவை அங்கே கூட்டிப்போங்கள். அவளைப் பார்க்க யாருமே வருவதில்லை என்பது அங்கே யார் கண்ணிலாவது பட்டுவிடப் போகிறது.