வெளியே காற்றில்லை

இந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. எங்கள் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுக்காக அதை நிறுத்தியே வைத்திருப்போம். வியர்த்துப் பழகிவிட்டது.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் சார். குளிக்கிற தொட்டியில் கடலைக் கொந்தளிக்க வைத்தவன். செங்கல் பொடியைத் தூவிச் செவ்வாய் கிரகம் காட்டியவன். இன்று விண்வெளிப் படம் எடுக்கிற எல்லாரும் என்னிடம் திருடித்தான் எடுக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான்.

மச்சினனை நடிக்க வைத்தது என் யோசனை அல்ல. "தம்பி சும்மாதானே இருக்கான், ஒரு வேஷம் குடுங்களேன்" என்று மனைவி நச்சரித்தாள். விண்கலத்தின் கேப்டன் வேஷம் கொடுத்தேன். தங்கமான பையன், ஆனால் முகத்தில் ஒன்றும் வராது. எரிகல் மோத வருகிறது என்று நான் கரடியாய்க் கத்தினால், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி பார்ப்பான்.

அதனால் ஒருநாள் ஒலிபெருக்கியில் சொன்னேன்: "மாப்ள, தப்பு நடந்துபோச்சு. கலம் நிஜமாவே கிளம்பிடுச்சு."

ஒட்டுப்பலகையில் செய்த கலம் அது. அடியில் லாரி டயர்கள். இரண்டு லைட்மேன்கள் கம்பியால் நெம்பி ஆட்டினார்கள். அவன் போட்ட அலறலில் எனக்கே புல்லரித்தது.

"மாமா, நான் மிதக்கவே இல்லையே?"

"இது புது மாடல், மாப்ள."

நம்பிவிட்டான். ஊரே என்னை நம்பும்போது அவன் மட்டும் நம்பக் கூடாதா?

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தனிமையை இப்படி யாரும் நடித்ததில்லை என்று எழுதினார்கள். விருதை என் மனைவி மேடையேறி வாங்கினாள். தம்பி வெளிநாட்டுப் படப்பிடிப்பில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். அவனை வெளியே விட்டிருக்கலாம்தான். விட்டால் அந்தப் பழைய முகம் திரும்பிவிடும், இரண்டாம் பாகமோ கையில் இருந்தது.

அடைத்து வைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கதவுக்குப் பூட்டே கிடையாது. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். வெளியே காற்றில்லை என்று சொல்லியிருந்தேன். வேளாவேளைக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு இறங்கும். கலமே சமைப்பதாக நினைத்து அதற்கு நன்றி சொல்வான்.

மூன்றாம் பாகத்துக்கு அழுகை தேவைப்பட்டது. அழு என்றால் அவனுக்கு அழ வராது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கேமராவை நெருக்கி வைத்துக்கொண்டு, பூமி அழிந்துவிட்டது என்று சொன்னேன்.

ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே பார்த்தான். பிறகு, "அக்கா?" என்றான்.

"அக்காவும்தான், மாப்ள."

அப்படி ஒரு குளோசப் என் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள், நானும்தான் அழுதேன். அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று மனசுக்குள்ளேயே "கட்" சொன்னேன்.

முன்னோட்டத்தில் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் மனைவி உங்களிடம் ஓடிவந்திருக்கிறாள். "எங்க அப்பா செத்தப்ப இப்படித்தான் அழுதான். இது நடிப்பில்ல" என்றாளாம்.

நீங்கள் கதவை உடைத்தீர்கள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மெதுவாக இறங்கினான். இவள் "தம்பி" என்று ஓடினாள். அவன் இரண்டடி பின்வாங்கி, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "எங்க அக்கா மாதிரியே இருக்கீங்க. உங்க கிரகத்துல எல்லாரும் இப்படித்தானா?"

இன்னும் அவன் அவளை அருகே விடவில்லை என்கிறார்கள். ஹெல்மெட்டையும் கழற்றவில்லையாம். எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்த நேரத்தில் என் மனைவியின் முகத்தை நீங்களும் பார்த்தீர்கள். அப்படி ஒரு முகம், சுற்றி இத்தனை பேர், ஒரு கேமரா ஓடவில்லை. அந்தக் குற்றத்துக்கு யார் பொறுப்பு, சார்?