வீக்கம் இல்லன்னா

எனக்கு டைப் பண்றப்ப எழுத்துப்பிழையே வராதுங்க இன்ஸ்பெக்டர் மேடம். அதனாலதான் இந்த வேலைய எனக்குக் குடுத்தாங்க. கிராமத்து ஆஸ்பத்திரியில நோயாளிக்கு என்ன பண்ணுதுன்னு நர்சு டேப்லெட் கம்ப்யூட்டர்ல தட்டுனா, என்ன மருந்துன்னு அதுவே சொல்லும். அதுக்கு மாதவராஜ் டாக்டர் மாதிரி அனுபவப்பட்டவங்ககிட்ட கேட்டு, ஒவ்வொரு விதியா ஏத்தி, கீழ அவங்க பேரப் போடணும். ஆசையா செஞ்ச வேலைங்க.

அஞ்சு வருசம் முன்ன, அதே டாக்டர்கிட்டதான் என் தங்கச்சி அல்மாஸ கூட்டிட்டுப் போனோம். தரையில படுத்து எந்திரிச்சவளுக்கு வயித்துவலி, கண்ணத் தொறக்க முடியல. "பாம்பு போனதப் பாத்தேன் டாக்டர்"ன்னா. அவரு காலப் பொரட்டிப் பாத்தாரு. "வீக்கம் இல்ல, பல்லுத்தடம் இல்ல. பரீட்சைக்குப் பயந்துகிட்டு பாம்ப இழுக்கறியாம்மா?"ன்னு சிரிச்சாரு. கேஸ் மாத்திரை எழுதுனாரு. வூட்டுக்குத் திரும்பற வழியில, மொரப்பூர் தாண்டறதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு.

போன மாசம் பாம்புக்கடி விதி கேக்கப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியல. "தம்பி, இதக் கொட்டை எழுத்துல போடுங்க. கட்டுவிரியன் கடிச்சா வீக்கமே இருக்காது. வயித்துவலியோட இமை தொங்குனாலே விஷமுறிவு ஊசி ஆரம்பிக்கணும். நான் ஒரு பொண்ண விட்டுட்டேன். அல்மாஸ்னு பேரு"ன்னு சொல்லிட்டு கண்ணாடியக் கழட்டுனாரு.

அவரு வாயில அவ பேரு வந்ததுதான் எனக்குப் பொறுக்கல.

எல்லாத்தையும் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டாரு. வூட்டுக்கு வந்து அந்த ஒரு விதிய மட்டும் மாத்துனேன். 'வீக்கம் இல்லன்னா பாம்புக்கடி இல்ல. கேஸ் மாத்திரை.' நானா எதுவும் சேக்கலீங்க. அவரு சொன்னதுதான், தேதி மட்டும் பழசு. கீழ அவரு பேரு.

மாத்தி பதினோரு நாள் ஆச்சு. நல்லம்பள்ளி பக்கம் வெண்மதின்னு ஒரு பொண்ணு, தக்காளி பறிக்கப் போறவ, வயித்துவலி, கண்ணத் தொறக்க முடியலன்னு அங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கா. வீக்கம் இல்ல. டேப்லெட் சொன்னபடி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. சாயங்காலம் செத்துட்டா. நர்சு மேல ஒரு தப்பும் இல்லீங்க.

அவ அண்ணன் பச்சியப்பன் எங்க ஆபீசுக்கு வந்து, "இத யாருங்க எழுதுனது?"ன்னு நின்னான். டாக்டர் பேரக் காமிச்சேன். வூட்டு அட்ரசும் எழுதிக் குடுத்தேன். டாக்டர வெட்ட அரிவாளோட போவான்னு தெரியுமான்னு கேக்கறீங்க. தெரியும். தங்கச்சியப் பறிகுடுத்தவனுக்கு, கொன்னது யாருன்னு தெரிஞ்சாகணும்ல மேடம். அத அவன்கிட்ட மறைச்சா பாவங்க.