பலகைப் பாதையின் கடைசி வளைவு

கழிவறை சுத்தமாக இருந்தால் கழுவியவனை யாரும் நினைப்பதில்லை. நாறினால்தான் தேடுவார்கள். குறையாகச் சொல்லவில்லை ஐயா, முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள்.

அந்தக் கழிமுகச் சதுப்பை ஊர்க்காரர்களே சேர்ந்து பறவைகளுக்கான காப்பிடமாக வைத்திருக்கிறார்கள். பார்க்க வருபவர்களுக்கு வேண்டியதெல்லாம் என் பொறுப்பு. சேற்றின் மேல் போகும் பலகைப் பாதை, கைப்பிடி, குடிநீர்த் தொட்டி, பறவை பார்க்கும் மேடை. வருபவர்கள் என்னிடம் கேட்பது, டாய்லெட் எந்தப் பக்கம் என்று மட்டும்தான். மனைவி இறந்த பிறகு வீட்டிலும் பேச்சுத்துணை இல்லை.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் மட்டும் வேறு மாதிரி. வாரம் தவறாமல் வருவார். முதல் நாளே, "தம்பி, இந்தப் பலகையெல்லாம் நீங்க போட்டதா? நடக்கப் பயமே இல்ல" என்றார். ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றுவார். என் முட்டிவலியைக்கூட விசாரிப்பார்.

போன மாதம் ஒருநாள், மகன் தன்னை அவனுடைய ஊருக்கே கூட்டிக்கொண்டு போகப் போவதாக அந்த அம்மா சொன்னார். மறுநாள் கடைசியாக ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

கால் சுளுக்கினால் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் நான் நினைத்தது. அன்று இரவே கடைசி வளைவில் ஒரு பலகையின் திருகாணிகளைக் கழற்றினேன். வேறு யாருக்கும் அடிபடக் கூடாதே என்று, மறுநாள் அவர் உள்ளே போனதும் வாசலில் 'பராமரிப்புப் பணி' அட்டையை மாட்டி கேட்டைப் பூட்டினேன். அங்கே சேறு ஆழம் என்பது தெரியும். தூண் நட்டவன் நான்தானே.

நான் போனபோது சேற்றில் இடுப்புவரை இறங்கியிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"நல்லவேளை வந்தீங்க தம்பி. கையக் குடுங்க."

சாமான் அறையில் கயிறு இருந்தது, நல்ல கயிறு. ஆனால் தூக்கிவிட்டால் மகன் வருவான், அப்படியே கூட்டிப்போய்விடுவான். பலகை ஓரத்தில் உட்கார்ந்தேன். உதறினால் இன்னும் இறங்கும், அசையாமல் இருங்கள் என்றேன். பிறகு என் மனைவியின் கடைசி நாட்களைச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் அவர் கேட்டார்:

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன் தம்பி?"

ஒன்றும் இல்லையம்மா, உங்களைப் போல் என்னிடம் யாரும் அன்பாக இருந்ததில்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். சாயங்காலம் கடல் தண்ணீர் உள்ளே ஏறும் இடம் அது. முகவாய்க்கு மேல் ஏறியதும் சத்தம் இல்லை. நான் பேச்சை நிறுத்தவில்லை.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் மகனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா: கடைசி நேரத்தில் அம்மா தனியாக இல்லை, கூட நான் இருந்தேன்.