சாந்தம்மாள் மீது நான் கொடுத்த புகார் குறித்து

எனது பெயர் சித்ரா, வயது 29, கணவர் பெயர் வேல்முருகன். ஏலப்பாறைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டத்தில், கீழ் டிவிஷன் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நான்காவது வீட்டில் குடியிருந்து, கொழுந்து எடுக்கும் வேலை செய்து வருகிறேன். எனக்கு மலையாளம் பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆகையால் நான் சொல்வதைக் காவலர் வீரபாண்டி தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்.

எனது கணவர் மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார், மாதம் இரண்டு முறை வருவார். எங்களுக்குத் தன்ஷிகா என்ற நான்கு வயது மகள் இருக்கிறாள். வேலை நாட்களில் அவளைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான கிரீச்சில் ஆயா சாந்தம்மாளிடம் விட்டுச் செல்வேன்.

சென்ற அக்டோபருக்குப் பிறகு தன்ஷிகா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். படுக்கையை நனைத்தாள். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும்வரை கத்தியதால், நான் குளிக்கும்போதும் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் கிரீச்சுக்குப் போனபோது, பிள்ளைகளை உள்ளே தூங்கவைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சாந்தம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு 3.3.2025 அன்று, என் மகளை அறையில் அடைத்துப் பயமுறுத்தியது அவர்தான் என்று இந்த நிலையத்தில் புகார் கொடுத்தேன். தோட்ட நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது.

அதன் பிறகு இந்த நிலையத்திலிருந்து குழந்தையை விளையாட்டு மூலம் சிகிச்சை செய்யும் டின்டு என்பவரிடம் அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு மணி நேரம். தாயும் கூடவே தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, குழந்தை என்ன வேடம் கொடுக்கிறதோ அதை ஏற்க வேண்டும் என்று சொன்னார். அதற்கு முன் நான் அவளோடு விளையாடியதே இல்லை. முதல் இரண்டு வாரம் என் கைகளை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. தன்ஷிகா ஒவ்வொரு வாரமும் ஒரு துணிப் பொம்மையைச் செருப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அது சாந்தம்மாள் செய்ததுதான் என்று நினைத்தேன்.

கடந்த 13.5.2025 அன்று, ஒன்பதாவது வாரம், அவள் என்னைப் பிள்ளை ஆக்கிவிட்டுத் தான் அம்மாவானாள். என்னை மேசைக்கு அடியில் உட்காரவைத்து, நாற்காலியை இழுத்து வழியை அடைத்து, "பிஸ்கட்டு வச்சிருக்கேன். அழுதா, அம்மா வரவே மாட்டேன்" என்றாள். அது என்னுடைய பேச்சு. குரலும் என்னுடையது.

சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து எடுக்கப் போவேன். அன்று கிரீச் கிடையாது. ஆகையால் தன்ஷிகாவை வீட்டுக்குள் வைத்து, தெரிந்தே வெளியே பூட்டிவிட்டுப் போவேன். இப்படி ஆறேழு முறை செய்தேன். 20.10.2024 அன்று பாதையில் யானை இறங்கியதால் எங்களைக் கொழுந்து நிறுக்கும் புரைக்கு அருகிலேயே நிறுத்திவைத்தார்கள். பதினோரு மணிக்கு வரவேண்டியவள் மூன்றரைக்கு வந்தேன். குழந்தை கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் விரல்களை வெளியே நீட்டியபடி தூங்கியிருந்தாள். கதவைத் திறந்தால் விரல் நசுங்குமோ என்று, ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு திறந்தேன். இதை என் கணவரிடமும் சொல்லவில்லை.

மேசைக்கு அடியில் நான் அழுததைக் கண்டு டின்டு, "இங்க யாரு தப்பு பண்ணாங்கன்னு கண்டுபிடிக்க நம்ம உட்காரலை சேச்சி. இப்போ பிள்ளைக்கு என்ன வேணும்னு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார். நான் தன்ஷிகாவைப் பார்த்து, "பயமா இருக்கும்மா, கதவத் தொற" என்றேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தினாள். மறுபடி அடைத்தாள், மறுபடி நகர்த்தினாள். நேரம் முடியும்வரை அதையே விளையாடினோம். இதைத் தன்னால் மறைக்க முடியாது, குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும் என்று டின்டு என்னிடம் சொன்னார். எழுதச் சொன்னேன்.

அன்று மாலையே சாந்தம்மாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. "பிள்ளைக ரோட்டுக்கு ஓடிரும்னுதாம்ல தாப்பா போட்டேன். ஞாயித்துக்கெழமைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. நான் சும்மாதானட்டி இருந்தேன்" என்றார். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

சாந்தம்மாள் மீது நான் கொடுத்த புகார் பொய்யானது. அவரை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும். என் மீது எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். செவ்வாய்க்கிழமை விளையாட்டை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில், என் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, "தெரியாமல் வெளியே பூட்டிவிட்டுப் போவேன்" என்று எழுதியிருந்தார். அதை அடித்து, நான் சொன்னபடி "தெரிந்தே" என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார். இப்போது இதில் உள்ளது அனைத்தும் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்)
வே. சித்ரா
15.5.2025