நீங்கள் தாண்டச் சொன்ன பாடம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, அறிமுகப் பொருளாதார நூலை அருமையாக எழுதித் தந்திருக்கும் கல்லூரி ஆசிரியை அவர்களே, என் வயதை ஒத்த மூத்தவர்களே, ஊசியும் நூலுமாக உழைத்து ஓய்ந்த தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிகளே, அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

இந்தப் புத்தகத்தைப் பாராட்டச் சொன்னார்கள். பாராட்டுகிறேன். விலை ஏன் ஏறுகிறது, கூலி ஏன் ஏறவில்லை என்று சாதாரண மனிதன் கேட்கிற கேள்விக்குச் சாதாரணத் தமிழிலேயே பதில் சொல்கிறது. பள்ளிக்கூடம் பார்க்காமல் எழுத்துக் கூட்டிப் படித்த எனக்கே புரிகிறது என்றால் வேறு யாருக்குப் புரியாது?

ஆனால், இந்த ஊரில் இப்படி ஒரு புத்தகத்தைப் பற்றி மகிழ்ச்சியோடு பேச எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் கேளுங்கள்.

நம் சட்டைக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் தைப்பார்கள், ஒருத்தி மட்டும் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். அவள் தைக்க வேண்டிய சட்டைகளை மற்றவர்கள் பங்கு போட்டுத் தைத்துக் கொடுப்பார்கள். படித்தவள் என் தங்கை. இயந்திரச் சத்தத்தைத் தாண்டி எழும் குரல் அவளுக்கு. கதை படித்தாள், செய்தி படித்தாள். ஒருநாள் தொடக்கப் பொருளாதாரப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்றது மூன்றாம் பாடம். தையல் நின்றது.

"அப்போ நம்ம உழைப்பும் சரக்குதானே? எல்லாரும் கையை மடக்கினா கூலி தானா ஏறும்" என்றார் காலர் தைக்கும் அக்கா.

"அவசரப்படாதீங்கக்கா. ஒண்ணு கிடைக்கலைன்னா வாங்கறவன் வேற எங்க போவான்னு அடுத்த பாடத்துல வருது. அதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"அது யாருக்கு வேணும்? தாண்டிப் போ. கூலிப் பாடத்தை எடு."

"நடுவுல விட்டா தப்பாப் புரியும்க்கா."

"உனக்கும் சேர்த்து நாங்கதான் தைக்கிறோம். நாங்க சொல்றதைப் படி."

தடுப்புக்கு அந்தப் பக்கம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். தைத்துக் கொடுப்பவர்கள் வைத்ததுதான் சட்டம். அவள் தாண்டினாள்.

வேலைநிறுத்தம் வந்தது. கேட்டது நியாயமா? நியாயம். கேட்ட கூலி அதிகமா? இல்லவே இல்லை. ஆனால் முதலாளி பேச்சுக்கே வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் வேறு ஆட்களை உட்கார வைத்து, இயந்திரங்களை லாரியில் ஏற்றிவிட்டார். அக்கரைக்காரர்களிடம் நாம் முதலில் பேசியிருக்க வேண்டும். தாண்டிய பாடத்தைக் கேட்டிருந்தால் அது தோன்றியிருக்கும்.

பழி யார் மேல் விழுந்தது? முதலாளி மேலா? தாண்டச் சொன்ன வாய்கள் மேலா? படித்த பெண் மேல். "புத்தகம் படிச்சே நம்ம அடுப்பை அணைச்சுட்டா" என்றீர்கள். குழாயடியில் பேச்சை நிறுத்தினீர்கள். அவள் மகளின் திருமணத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவள் கணவர் இறந்தபோது தோள் கொடுக்க நான் தெருத் தெருவாக ஆள் தேடினேன்.

யாரப்பா அங்கே, "பழசை எதுக்குண்ணே கிளறுறீங்க" என்பது? உனக்கு அது பழசு. அவள் வீட்டு வாசலை இன்று காலையும் ஒருவரும் மிதிக்கவில்லை. உட்கார் தம்பி. உனக்கும் சேர்த்துத்தான் நான் நிற்கிறேன்.

இப்போது அவளுக்குக் கண் தெரியவில்லை. சர்க்கரை நோய். ஊருக்கே படித்துக் காட்டியவளுக்குப் படித்துக் காட்ட ஆள் இல்லை. நான் படிக்கிறேன் என்றேன்.

"நீ வேண்டாம்ண்ணா. நீ எப்பவும் என் பக்கம்தான். அவங்கள்ல ஒருத்தர் வந்து..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள என்னை அழைத்திருக்கிறார்கள். வாங்க மாட்டேன். தலைவர் கோபித்தாலும் மாட்டேன். முன்வரிசையில் அந்தக் காலர் அக்கா இருக்கிறார். அக்கா, நீங்கள் வாங்குங்கள். வாங்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம்; அது உங்களுக்கு வராது. பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். அடுத்த பாடம் போகலாமா என்று அவளைக் கேளுங்கள். போதும் என்று அவள் சொல்லும்வரை படியுங்கள்.

நீங்கள் எழும்வரை இந்த ஒலிவாங்கியை நான் விடப்போவதில்லை.

எழுந்துவிட்டார். தம்பிகளே, வழி விடுங்கள். வழி விடுகிற ஒவ்வொருவருக்கும் என் நன்றி, என் வணக்கம்.