சிலைக்குச் சொன்ன இரகசியம்

அதிகாலை மூன்று பத்து. பிரெஞ்சு பேசும் லொங்குய் ஊரில், ஆற்றை ஒட்டிய வீதி. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, மாசி மாதம், கொட்டும் பனி... வீதியில் ஒரே ஒரு டாக்சி.

கதவுப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி இருங்கள். இது நம் றோசலினின் மாமா மரியதாசனுக்கு நடந்தது. றோசலினுக்குக் கூட்டிச் சொல்லும் பழக்கம் இல்லை. கூட்டுவதெல்லாம் சொல்பவனின் வேலை. இதில் கூட்ட எதுவும் இல்லை.

மரியதாசனுக்கு மூல வியாதி. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், சொல்பவனுக்கும் அதேதான். பன்னிரண்டு மணி நேரம் டாக்சியில் உட்கார்ந்தால் வேறென்ன வரும்? இதற்கென்றே ஒரு புனிதர் இருக்கிறார் என்று காரில் ஏறிய ஒரு பெண்மணி சொன்னாள். ஃபியாக்கர். ஏழாம் நூற்றாண்டுத் துறவி. மூலத்துக்கும் அவரே, டாக்சிக்காரருக்கும் அவரே. லொங்குய்யில் ஒரு பழைய கோயிலில் அவருடைய சிலை, கையில் மண்வெட்டியோடு. மரியதாசன் போய் மெழுகுதிரி கொளுத்தினார். நோய் குறைந்தது. அந்தத் தைரியத்தில் மனதில் கிடந்ததையும் ஒருநாள் சொல்லிவிட்டார்.

கிடந்தது இதுதான். ஜெனாட்டும் அவரும் ஒரே டாக்சி ஓட்டினார்கள். அவனுக்குப் பகல், இவருக்கு இரவு. அந்தப் பகல் ஓட்டத்துக்கு ஆசைப்பட்டு, ஜெனாட் வேறு பெயரில் வந்தவன் என்று குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டார். கார்த்திகையில் அவனைப் பிடித்துக் கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. பகல் ஓட்டம் முதலாளியின் மச்சானுக்குப் போனது.

"எனக்கு இனி உங்களை விட்டா ஆர் அண்ணை?" என்று அழுதாள் ஜெனாட்டின் மனைவி பிரியந்தி. ஞாயிறு தோறும் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டால்... அந்த ஒரு பயம்தான்.

தமிழ்க் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வெட்கம். அதனால் சிலையிடம் சொன்னார், தமிழில். அயர்லாந்தில் பிறந்து பிரான்சில் செத்தவருக்குத் தமிழ் எங்கே விளங்கப்போகிறது என்ற எண்ணம். குருவானவர் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. சிலைக்கு அப்படியொரு சட்டம் இல்லை. பாவம், அதை யோசிக்கவில்லை.

அன்றிரவுதான் அந்த வீதியில் ஒருவர் கை காட்டினார்.

முரட்டுத் துணி அங்கி. வெறுங்கால். பின்னால் ஏறி, பாலத்தின் பக்கம் கையை நீட்டினார். டக்... இரும்பு தரையில் தட்டும் சத்தம். கார் முழுக்கப் புதிதாய்க் கிளறிய மண் வாசம். வெளியே நிலம் கல்லாய் உறைந்து கிடக்கிறது...

பாலத்தில் ஏறியதும் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினார். மெல்ல. கடல் கடந்து, இடம் தேடி வந்தவராம். ஒரு நாளில் கொத்துகிற நிலமெல்லாம் உனக்கே என்றாராம் ஆயர். மண்வெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாராம்; காட்டு நிலம் தானே பிளந்ததாம். ஒரு பெண் அதைப் பார்த்தாளாம். ஓடிப்போய், இவன் சூனியக்காரன் என்று ஆயரிடம் கோள் மூட்டினாளாம். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை, என்றார். அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

கண்ணாடியில் பார்க்க மரியதாசனுக்குத் துணிவு வரவில்லை. "எங்க போகோணும்?" என்று கேட்டார். பயத்தில் பிரெஞ்சு மறந்துபோயிற்று.

"கோட்-டெ-நெய்ஜ். பிரியந்தி வீடு." பதில் தமிழில் வந்தது.

கட்டடத்தின் முன் நிறுத்தினார். கதவு திறந்த சத்தம் இல்லை. பின் இருக்கை வெறுமை. பனியில் ஒரு காலடியும் இல்லை... மூன்றாம் மாடியில் வெளிச்சம் வந்தது.

போன் அடித்தது.

"அண்ணை..." பிரியந்தி. "இஞ்ச ஒரு சாமியார் வந்து நிக்கிறார். உங்கட டாக்சியில வந்தவராம். ஆள் வெள்ளைக்காரன், அண்ணை... குரல் ஜெனாட்டின்ர."

"கதவைப் பூட்டு பிள்ளை!"

"பொறுங்கோ. ஏதோ கடிதம் எண்டு சொல்லுறார்..."

பிறகு அவளுடைய மூச்சு மட்டும். அதற்குப் பின்னால் ஒரு ஆண்குரல், நிறுத்தி நிறுத்தி, மரியதாசன் எழுதிய கடிதத்தை வரிவரியாகச் சொல்லியது. முடிந்ததும் நின்றது.

"மரியதாசன்." பிரியந்திதான்; இப்போது அண்ணை என்று கூப்பிடவில்லை. "மேல வா. ரெண்டு பேரும் பாத்துக்கொண்டிருக்கிறம்."

நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் பிரியந்தி தனியாகத்தான் நின்றாள். அவளுடைய ஒரு கை மட்டும் தோள் உயரத்தில், வெறுங்காற்றை மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.